மார்க் வரட்டும் என்று காத்திருந்தவள்

“இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தே?” பேராசிரியர் மீது பாலியல் தொல்லைப் புகார் எழுதிக்கொண்டு போகும் மாணவி பெரும்பாலும் முதலில் சந்திக்கும் கேள்வி இது. கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தாமதம் என்றாலே பொய் என்று நினைக்க நாம் பழகிவிட்டோம்.

அவள் என்ன பண்ணிக்கொண்டிருந்தாள் என்பது கல்லூரிப் பக்கம் போன எல்லோருக்கும் தெரியும். இன்டர்னல் மார்க் அவர் கையில். அட்டெண்டன்ஸ் அவர் கையில். ஆய்வு மாணவி என்றால் கேட்கவே வேண்டாம். கைடு கையெழுத்துப் போடாமல் ஆய்வேடு நகராது. செமஸ்டர் முடியட்டும், மார்க் வரட்டும், வைவா முடியட்டும் என்று பொறுத்திருந்தாள். அதைத் தயக்கம் என்று சொல்லாதீர்கள். அது பிழைக்கத் தெரிந்தவள் போட்ட கணக்கு.

சட்டத்தின் கணக்கு வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும், உயர்கல்வி நிறுவனங்களுக்கான யுஜிசியின் 2015 விதிமுறைகளும் மூன்று மாதத்துக்குள் புகார் தரச் சொல்கின்றன. தொல்லை தொடர்ந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் உள் புகார் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஒரு செமஸ்டரே ஏறக்குறைய ஆறு மாதம். முனைவர் பட்டமோ ஆண்டுக்கணக்கு. சென்னை கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரியில் 2023இல் பாலியல் தொல்லைக்கு எதிராக மாணவிகள் போராடியபோது, ஏப்ரலில் ஓர் உதவிப் பேராசிரியர் கைதானது ஒரு முன்னாள் மாணவி போலீசில் தந்த புகாரின் பேரில்தான். வளாகத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் பலருக்கு வாய் திறக்க முடிகிறது.

இத்தனைக்கும் அந்த யுஜிசி விதிமுறைகளில் நல்ல ஏற்பாடுகள் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் யாரும் உள் புகார் குழுவில் உட்காரக் கூடாது. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகார் என்று தண்டிக்க முடியாது என்று 2013 சட்டமும் சொல்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, விசாரணை நடக்கும்போதே கிடைக்கக்கூடிய இடைக்காலப் பாதுகாப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த மாணவியின் தேர்வுத்தாளைத் திருத்தக் கூடாது, மதிப்பெண் போடக் கூடாது என்று நிர்வாகம் தடுக்கலாம். மாணவிகளின் பயத்துக்கு நேரான மருந்து இது. நோட்டீஸ் போர்டில் குழு உறுப்பினர்களின் போன் நம்பரை ஒட்டிவைக்கும் கல்லூரிகள் இந்த விதியையும் பெரிய எழுத்தில் ஒட்டலாமே. “மார்க்குக்குப் பயந்து காத்திருந்தேன்” என்பதைத் தாமதத்துக்குத் தக்க காரணமாகக் குழுக்கள் எழுதிவைத்து ஏற்கலாமே.

கல்லூரி இதையெல்லாம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம், தங்கைகளே. புகாரின் கடைசி வரியாக இதை எழுதுங்கள்: விசாரணை முடியும்வரை இவர் என் தாளைத் திருத்தக் கூடாது, என் ஆய்வை மேற்பார்வையிடக் கூடாது. நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டதை வாயாலேயே தட்டிக் கழிப்பார்கள். எழுத்தில் கேட்டதை மறுக்க, யாராவது ஒருவர் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதற்கு அவ்வளவு சுலபத்தில் யாரும் துணிய மாட்டார்கள்.