ஓட்டுக்கு விலை அல்ல, தோழமைக் கடமை!

“இந்தத் தெருக்காரர்கள் நமக்கு ஓட்டுப் போடவில்லையே! இவர்களுக்காக நாம் ஏன் அலைய வேண்டும்?”

மில்லில் ஷிப்ட் முடிந்தும், வயலில் கூலி வேலை முடிந்தும் கிளைக் கூட்டத்துக்கு வரும் தோழர்களில் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். தோற்ற கட்சியின் தொண்டனுக்கு மனம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் கேள்விக்கு மேற்கு வங்கத்து வாலிபர்கள் 2021-லேயே செயலால் பதில் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆண்டு மே 2-ம் தேதி சட்டசபைத் தேர்தல் முடிவு வெளியாயிற்று. 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் ஆட்சி நடத்திய இடது முன்னணிக்கு ஒரு ஸ்தானம்கூடக் கிடைக்கவில்லை. அதே நாட்களில்தான் கொரோனாவின் இரண்டாவது அலை வீடு வீடாக நுழைந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. மூச்சுத் திணறியவர்களுக்கு ஆக்ஸிஜன் கிடைக்கவில்லை. அப்போது ‘ரெட் வாலண்டியர்ஸ்’ என்று ஜனங்கள் அழைத்த செந்தொண்டர்கள் சிலிண்டர்களைச் சுமந்துகொண்டு வீடு தேடிப் போனார்கள். மருந்து கொடுத்தார்கள், உணவு கொடுத்தார்கள். கதவைத் தட்டியபோது, “எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டாய்?” என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணத்தை நீட்டி ஓட்டு வாங்குகிறவனுக்கும் நமக்கும் பேதமே இல்லாமல் போயிருக்கும்! அவன் முன்கூட்டி விலை கொடுக்கிறான். நாம் பின்னால் கூலி கேட்கிறோம் என்றாகியிருக்கும். உழைப்பாளியின் துயரம் சந்தைச் சரக்கு அல்ல, தோழர்களே!

“சரி, இது தர்மம்தானே? பணக்காரர் போடும் அன்னதானத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?” என்று வேறு சிலர் கேட்கலாம். கேரளத்தைப் பாருங்கள். 2017-ல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தார் ‘ஹிருதயபூர்வம்’ என்ற பெயரில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். வாலிபர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைப்பார்கள். வீட்டில் சமைக்கும் சோற்றில் ஒரு பொட்டலம் கூடுதலாக வாழையிலையில் கட்டி வைப்பார்கள். அதைச் சேகரித்து நோயாளிகளுக்கும் உடன் இருப்போருக்கும் கொடுப்பார்கள். கட்டிக் கொடுக்கும் பெண்ணுக்குச் சாப்பிடுகிறவர் யார் என்று தெரியாது. நாளைக்கு அவள் வீட்டிலேயே ஒருவர் நோயில் விழுந்தால், அவளே அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பாள். தர்மம் மேலிருந்து கீழே விழுகிறது. தோழமை பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. பேதம் இதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். சோறு கொடுப்பதோடு நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டால், சர்க்காருக்குத்தான் சௌகரியம்! ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டியது சர்க்கார். ஆஸ்பத்திரியில் டாக்டரை நியமிக்க வேண்டியதும் சர்க்கார். 1943-ல் வங்கத்தைப் பஞ்சம் தின்றது. லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். அன்று கம்யூனிஸ்டுகள் நிவாரணப் பணியில் இறங்கினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. “பதுக்கிய நெல்லை வெளியே எடு! ரேஷன் கொண்டுவா!” என்று குரல் எழுப்பினார்கள். ஒரு கையில் கஞ்சிக் கலயம், மறு கையில் கோரிக்கை மனு. அந்த வழிதான் நமக்கும் வழி.

ஆகவே நமது கிளைகள் செய்ய வேண்டியது என்ன? வெள்ளம் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் முதலில் போய் நில்லுங்கள். வசூலித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதித் தெருவிலேயே படித்துக் காட்டுங்கள். உதவி வாங்குகிறவரை நிறுத்திப் போட்டோ பிடிக்காதீர்கள். வாங்கும் கைக்கும் மானம் உண்டு. எத்தனை பேருக்கு மருந்து கிடைக்கவில்லை, எந்தத் தெருவில் குடிதண்ணீர் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு, அதே ஜனங்களையும் சேர்த்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள்.

அவர்கள் அடுத்த தேர்தலில் நமக்கு ஓட்டுப் போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆனால் அடுத்த ஊர்வலத்தில் நம்மோடு சேர்ந்து நடப்பார்கள். அந்த நம்பிக்கையோடு வேலையைத் தொடங்குவோம்!