உரிமைச் சாசனமும் நீதிமன்றக் கதவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடிமக்களின் உரிமைகளைக் காப்பது எது? படித்தவர்கள் பலரும் தயங்காது கூறும் விடை ஒன்று உண்டு. 1791ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த உரிமைச் சாசனமே அது என்பர். பேச்சுரிமை, எழுத்துரிமை, சமய உரிமை, காரணமின்றி வீடு சோதனையிடப்படாத உரிமை ஆகியவையெல்லாம் அந்தப் பத்துத் திருத்தங்களில் அடங்கியுள்ளன. உச்ச நீதிமன்றம் அவற்றை இமை கண்ணைக் காப்பது போல் காத்து வருகிறது என்பர். வேறு சிலரோ, அங்கே உரிமை என்பதே வெறும் வேடம் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு எழுந்து போய்விடுவர். இரு சாராரும் வரலாற்றைப் படிக்கும் தொல்லையைத் தவிர்த்துக் கொண்டவர்கள் என்பதே நம் கருத்து.

உரிமையைக் காப்பது அதனை அறிவிக்கும் வாசகம் அன்று. உரிமை பறிக்கப்படும்போது, பறித்த அதிகாரியைப் பெயர் சொல்லி நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குப் பறிகொடுத்தவனுக்கு வழி இருக்கிறதா என்பதே கேள்வி. அமெரிக்காவில் அந்த வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது, பின்னர் திறந்தது, இப்போது மீண்டும் மெல்ல மெல்ல அடைக்கப்பட்டு வருகிறது.

முதலில் சாசனத்தின் கதையைப் பார்ப்போம். பால்டிமோர் நகராட்சி ஓடைகளைத் திருப்பிவிட்டதால், ஒருவருடைய படகுத்துறையில் மணல் சேர்ந்து கப்பல்கள் அணுக முடியாமல் போயிற்று. தம் உடைமைக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்டு அவர் உரிமைச் சாசனத்தை நாடினார். 1833இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அளித்த விடை மிகச் சுருக்கமானது: சாசனம் மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்தும்; மாநிலங்களையும் அவற்றின் நகராட்சிகளையும் அது கட்டுப்படுத்தாது! மக்களின் அன்றாட வாழ்வில் குறுக்கிடும் காவலர், சிறை, பள்ளி, வாக்குச் சாவடி ஆகிய அனைத்தும் மாநிலத்தின் கையில் இருந்தன. அவற்றின் முன் சாசனம் ஊமையாக நின்றது. அடிமைகளாயிருந்த மக்களுக்கோ அது முதலிலிருந்தே வாய் திறந்ததில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1868இல் பதினான்காம் திருத்தம் வந்தது. எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுத்தல் ஆகாது என்று அது விதித்தது. ஆயினும் தென் மாநிலங்களில் கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் இரவில் முகமூடியணிந்து வந்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கொன்றனர், வீடுகளைக் கொளுத்தினர். உள்ளூர் அதிகாரிகளில் சிலர் கண்டும் காணாமல் இருந்தனர். சிலர் கூட்டத்தோடு கூட்டமாயினர். இதைக் கண்ட காங்கிரஸ் 1871இல் ஒரு சட்டம் செய்தது. மாநிலச் சட்டம் தந்த அதிகாரத்தின் போர்வையில் ஒருவரின் அரசியலமைப்பு உரிமையைப் பறிப்பவர், பறிகொடுத்தவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது அதன் முதற் பிரிவு. சட்டத் தொகுப்பில் இன்று அதற்கு 1983ஆம் பிரிவு என்று பெயர். (அது ஆண்டைக் குறிப்பதன்று, வெறும் வரிசை எண்.) நாம் சொல்லும் கதவு இதுதான்.

கதவைச் செய்தவர்கள் அதற்குப் பூட்டும் போடவில்லை, தாழும் இடவில்லை. ஆயினும் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அதன் வழியே நுழைந்தவர் மிகச் சிலரே. ஏன்? நீதிமன்றங்கள் அந்த வாசகத்தை அத்துணை குறுக்கிப் படித்தன. 1873இல் லூயிசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்னும் ஊரில் கறுப்பினத்தவர் பலர் வெள்ளையர் கும்பலால் படுகொலை செய்யப்பட்டனர். தண்டனை பெற்றவர் மூவரே. அந்த மூவரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. திருத்தம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும், தனி மனிதர்களை அன்று என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. அதிகாரியோ மாநிலச் சட்டத்தையும் மீறி அட்டூழியம் செய்தால், அது அதிகாரத்தின் போர்வையில் செய்யப்பட்டதாகாது, அவனுடைய சொந்தக் குற்றமே என்ற வாதம் எழுந்தது. தனி மனிதன் செய்தால், அவன் அரசு அல்லன். அதிகாரி செய்தால், அவனும் அப்போது அரசு அல்லன்! இத்தகைய நாவன்மைக்கு முன் ஏழையின் உரிமை எங்கே நிற்கும்?

நிலைமை மாறியது 1961இல். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், சிகாகோவில் பதின்மூன்று காவலர்கள் விடியற்காலையில், உத்தரவு ஏதுமின்றி, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டுக்குள் உடைத்துக்கொண்டு புகுந்தனர். கணவனையும் மனைவியையும் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூடத்தில் ஆடையின்றி நிற்கவைத்தனர். இழுப்பறைகளைக் கவிழ்த்தனர், மெத்தைகளைக் கிழித்தனர். கணவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பத்து மணி நேரம் வைத்திருந்துவிட்டு, குற்றச்சாட்டு ஏதுமின்றி வெளியே விட்டனர். அவர் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வழக்காடினார். மன்ரோ எதிர் பேப் எனப்படும் அவ்வழக்கில், மாநிலச் சட்டத்தை மீறிய அதிகாரியும் அதிகாரத்தின் போர்வையில் செயல்பட்டவனே என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று.

இவ்விடத்தில் ஓர் இடைக்குறிப்பு. அந்தக் கேள்வியில் மாறுபட்டு எழுதியவர் நீதிபதி பீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் ஒருவரே. 1947இல் இந்திய அரசியலமைப்பை வரைவதற்குத் துணைநின்ற பி. என். ராவ் அமெரிக்கா சென்று கலந்து பேசியவர்களுள் இவரும் ஒருவர். தனிமனித உரிமைப் பிரிவில் அமெரிக்கச் சொற்றொடர் கைவிடப்பட்டு, "சட்டம் வகுத்த நடைமுறை" என்ற தொடர் இடம் பெற்றதற்கு அந்தச் சந்திப்பும் ஒரு காரணம். ஆனால் வேறொன்றில் நம் அரசியலமைப்பு அமெரிக்காவை விஞ்சியது. நீதிமன்றத்தை நாடும் உரிமையையே அடிப்படை உரிமையாக 32ஆம் பிரிவில் எழுதி வைத்தது. அமெரிக்கரோ சாதாரணச் சட்டமொன்றை நம்பியிருக்க வேண்டியவர்களாயினர்.

மன்ரோ வழக்குக்கு மூன்றாண்டுகளுக்குப் பின், கதவைத் தட்டியவர் யார் தெரியுமா? இல்லினாய் மாநிலச் சிறையில் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த கைதி, கறுப்பின முஸ்லிம் ஒருவர். தம் சமய நூல்களை வாங்கவிடவில்லை, பிற கைதிகளுக்குள்ள சலுகைகளையும் தம் சமயம் காரணமாக மறுக்கின்றனர் என்பது அவர் முறையீடு. கீழ் நீதிமன்றங்கள் விசாரிக்காமலே தள்ளின. 1964இல் கூப்பர் எதிர் பேட் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு பத்தியில் அதனை மாற்றியது. அந்தச் சிறு பத்திக்குப் பின்புதான், சிறைச்சுவருக்குள்ளும் அரசியலமைப்பு உண்டு என்று அமெரிக்கச் சிறையதிகாரிகள் அறிந்துகொண்டனர். சமூகத்தில் எவரும் பரிந்து பேசாத ஒருவரின் உரிமை அவ்வழக்கால் காப்பாற்றப்பட்டது. அவ்வழியே பல சமயத்துக் கைதிகளும் பயன் பெற்றனர்.

சாசனம் மாறவில்லை, 1791இல் எழுதிய அதே எழுத்துகள். மாறியது கதவு ஒன்றே. "எல்லாம் வேடம்" என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

"எல்லாம் காக்கப்படுகிறது" என்போருக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். கதவைத் திறந்த அதே நீதிமன்றம் 1967இல் காவலர்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தது: நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று கூறித் தப்பலாம். 1982இல் அக்கேடயம் பெரிதாயிற்று. மீறப்பட்ட உரிமை முன்னரே தெளிவாக நிலைநாட்டப்பட்டிருந்தாலன்றி அதிகாரி இழப்பீடு தரவேண்டியதில்லை. இதன் பொருள் என்ன? ஏறத்தாழ அதே போன்ற அட்டூழியம் முன்பு ஒருவனுக்கு இழைக்கப்பட்டு, அது தவறென்று தீர்ப்பும் வந்திருக்க வேண்டும். புதுவகையாகத் துன்புறுத்துபவன் பிழைத்தான்! 2009இலோ, உரிமை மீறப்பட்டதா என்ற கேள்வியையே தொடாமல், முன்னர் நிலைநாட்டப்படவில்லை என்று மட்டும் கூறி வழக்கைத் தள்ளலாம் என்று கீழ் நீதிமன்றங்களுக்கு அனுமதி கிடைத்தது. தீர்ப்பே வராவிட்டால் உரிமை எப்போது நிலைநாட்டப்படும்?

கணப்பொழுதில் முடிவெடுக்கும் காவலருக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். ஆனால் தொகையைப் பெரும்பாலும் செலுத்துவது நகராட்சியும் அரசுமே அன்றிக் காவலரின் சட்டைப்பை அன்று. 2020இல் கொலராடோவும் 2021இல் நியூ மெக்சிகோவும், தம் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் இக்கேடயம் செல்லாது என விதித்தன. காங்கிரஸ் இன்னும் அவ்வளவு துணியவில்லை. அது 1996இல் செய்ததெல்லாம், கைதிகள் வழக்காடுவதற்கு மேலும் தடைகளை அடுக்கியதே.

இவ்வளவுக்கும் இடையே வென்றவரும் உண்டு. ஆர்கன்சாஸ் சிறையில் முஸ்லிம் கைதி ஒருவர் அரை அங்குலத் தாடி வைக்க அனுமதி கேட்டார். தாடிக்குள் கடத்தல் பொருளை ஒளிப்பான் என்றது சிறை. அவர் தம் கையாலேயே மனு எழுதினார். 2015இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அவர் பக்கம் நின்றனர்; தலைமுடி அதனினும் நீளமாயிருக்க, அரை அங்குலத் தாடியில் என்ன ஒளியும் என்று வினவினர். அவருக்குத் துணையாயிருந்தது 2000ஆம் ஆண்டில் காங்கிரஸ் செய்த தனிச் சட்டம்.

தோற்றவரின் கதையும் இதே ஏட்டில்தான் இருக்கிறது. தம் சமுதாயத்தாரை வேவு பார்க்க மறுத்ததற்காகக் கூட்டரசின் புலனாய்வு அதிகாரிகள் தம்மை விமானப் பயணத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டனர் என்று முஸ்லிம்கள் மூவர் முறையிட்டனர். வழக்குத் தொடுத்த பின், 2015இல், அவர்கள் பயணம் செய்யத் தடையில்லை என்று அரசு அறிவித்தது. இழந்த ஆண்டுகளுக்கு ஈடு கேட்டனர். 1993ஆம் ஆண்டுச் சமய உரிமைச் சட்டத்தின் கீழ் அதிகாரிகளிடம் இழப்பீடு கோரலாம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் தீர்ப்பளித்தது. வழக்கு கீழே திரும்பிச் சென்றது. அங்கே அதிகாரிகள் அந்தப் பழைய கேடயத்தை உயர்த்தினர். அது அவர்களுக்குச் செல்லும் என்று 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. மூவருக்கும் ஒரு காசும் கிடைக்கவில்லை.