பாட்டன் சொத்து, பாட்டன் கடன்

2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த வேளையில், சாம் பிட்ரோடா அமெரிக்காவின் வாரிசுரிமை வரியைப் பற்றிச் சில வாக்கியங்கள் பேசினார். பாரதிய ஜனதா அதைக் கொள்ளைத் திட்டம் என்றது. காங்கிரஸ் அது தன் கொள்கையன்று என்று அவசரமாக விலகிக்கொண்டது. வேறெதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் இறந்தவரின் சொத்தில் அரசு கைவைக்கலாகாது என்ற ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின. கடத்தூர் தேநீர்க் கடைகளிலும் அந்நாட்களில் அதே கருத்துத்தான். இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரரும் ‘பாட்டன் சொத்து’ என்று பதறினார்.

சில வாரங்கள் கழித்துக் கற்றறிந்த நண்பர் ஒருவருடன் வேறொரு பேச்சு. கரீபியத் தீவு நாடுகள் ஐரோப்பிய அரசுகளிடம் அடிமைமுறைக்கான இழப்பீடு கேட்டு 2013 முதல் கூட்டாகப் போராடி வருவதைச் சொன்னேன். நண்பர் சிரித்தார். “பாட்டன் செய்த பாவத்துக்குப் பேரன் எப்படிப் பொறுப்பாவான்?” என்றார். வாரிசு வரியைக் கேட்டுப் பதறியவர்களில் அவரும் ஒருவர்.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஒரே மனத்தில் எப்படிக் குடியிருக்கின்றன என்பதே என் கேள்வி. பாட்டனின் நிலம் எனக்கு இயற்கையாகவே வந்து சேர வேண்டும். ஆனால் அந்நிலத்தோடு ஒட்டிவந்த கடன் பாட்டனின் சிதையோடு எரிந்துவிட வேண்டும். வாரிசுரிமை வரியும் அடிமைமுறை இழப்பீடும் இரு வேறு விவாதங்கள் அல்ல. ஒரே விவாதத்தின் இரு பக்கங்கள் என்பதே என் கட்சி.

நம் இலக்கியத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் முதிய அந்தணர் ஒருவர் நுழைகிறார். சுந்தரரின் பாட்டனார் தம்மையும் தம் வழிவருவோரையும் தமக்கு அடிமையாக எழுதிக்கொடுத்த ஓலை தம்மிடம் உண்டென்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் நீட்டப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அங்கே எழுந்த ஐயம், அந்தணர் அந்தணருக்கு அடிமையாதல் உண்டோ என்பதுதான். பாட்டன் எழுதியது பேரனைக் கட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்திக் கதைதான், இறைவனின் திருவிளையாடல்தான். ஆயினும் கதை நடக்கும் உலகம் மெய்யானது. பஞ்ச காலத்தில் தம்மையும் தம் சந்ததியையும் கோயில்களுக்கு விற்றுக்கொண்டோரின் செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் உள்ளன. ஆக, அடிமைத்தனம் பரம்பரையாக இறங்கும் என்பதில் நம் முன்னோருக்கு ஐயமே இருந்ததில்லை. ஆண்டவனின் கடனும் பரம்பரையாக இறங்கும் என்று சொல்லும்போதுதான் நமக்குத் தர்க்கம் நினைவுக்கு வருகிறது.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். தந்தையின் கடனை அடைப்பது மகனின் அறக்கடமை என்று இந்துச் சட்டம் நெடுங்காலம் சொல்லிவந்தது. மகள்களுக்குச் சமபங்கு தந்த 2005ஆம் ஆண்டுத் திருத்தம், அந்தக் கடமையை மட்டுமே காரணம் காட்டிப் புதிய கடன்களுக்கு வாரிசுகளைப் பொறுப்பாக்க முடியாது என்றது. நல்லது. ஆனால், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அவருடைய கடனைத் தீர்க்கும் கடப்பாடு இன்றும் இருக்கிறது. வாரிசு தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து தர வேண்டியதில்லை. பெற்ற சொத்தின் அளவுக்குத் தந்தாக வேண்டும். எந்த ஊர் வழக்கறிஞரும் இதைச் சொல்வார். நான் கேட்பதும் இவ்வளவே. பேரனின் தலையில் பாவத்தைச் சுமத்தவில்லை. அவன் கைக்கு வந்த சொத்தின்மீது ஏறியிருக்கும் பாக்கியை மட்டும் சுட்டுகிறேன்.

“யாருக்கு, எவ்வளவு என்று கணக்கிட முடியுமா?” என்பது அடுத்த வாதம். உடையவர்களுக்குத் தர வேண்டியிருந்தபோது கணக்கு ஒருபோதும் இடறியதில்லை. பிரிட்டன் 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. பெற்றவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அதற்கு வாங்கிய கடனை அந்நாட்டு மக்கள் தம் வரிப்பணத்தில் 2015வரை அடைத்தார்கள். அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற கரும்புக் காட்டில் வெட்டுவதற்கு மொரீசியசுக்குக் கப்பலேறிய கூலிகளில் நம்மவரும் உண்டு. தன் விடுதலையைத் தானே போரிட்டு வென்ற ஹெய்ட்டியிடமிருந்து 1825இல் பிரான்சு 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னர் 9 கோடியாகக் குறைத்தது. அதற்காக வாங்கிய கடன்களோடு அக்கணக்கு முடிந்தது 1947இல். அந்த 122 ஆண்டுகளில் ‘பாட்டன் கடனைப் பேரன் ஏன் அடைக்க வேண்டும்’ என்று வங்கிகள் யாரிடமும் சொல்லவில்லை. நம் சென்னை மாகாணத்தில் 1948இல் ஜமீன்களை ஒழித்தபோதும் இழப்பீடு ஜமீன்தார்களுக்கே போயிற்று. அவர்களின் வயலில் முதுகொடிந்தவர்களுக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

நம் மண்ணின் அடிமைகளுக்கு என்ன கிடைத்தது? 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கா என்றது. அதோடு சரி. படியாள், பண்ணையாள் என்ற பெயர்களில் அதே மனிதர்கள் அதே வயலில் நின்றார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்கும் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்பது அதைத்தான். பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் அம்மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று யார் யார் பெயரிலோ இருக்கிறது. அந்நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர். அமெரிக்காவில் 1865இல் விடுதலை பெற்றோருக்கு நாற்பது ஏக்கர் என்று வாக்களித்து அதே ஆண்டிலேயே பிடுங்கிக்கொண்ட கதையை நம் மாணவர்கள் அறிவார்கள். நம் நாற்பது ஏக்கரின் கதையை எந்தப் பாடநூலில் வைத்திருக்கிறோம்?

“இடஒதுக்கீடு இருக்கிறதே” என்பவர்களுக்கு ஒரு சொல். இடஒதுக்கீடு கல்வியிலும் பதவியிலும் பிரதிநிதித்துவம். அது நிலம் அன்று, முதலும் அன்று. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் அரசு வேலைக்கு வந்து வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் அதே ஊரில், இன்னொருவருக்கு வீடும் கிணறும் வரியில்லாமல் வந்து சேர்கின்றன.

“பாதிக்கப்பட்டவர்கள் இறந்துவிட்டார்களே” என்றும் சொல்வார்கள். எங்கள் மாவட்டத்து வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று அம்மலையடிவாரச் சிற்றூரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதிசெய்து, வன்புணர்வுக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியை அக்குற்றம் புரிந்தவர்களிடம் வசூலிக்கவும் ஆணையிட்டது. உயிரோடிருந்து கேட்டவர்களுக்கே 31 ஆண்டுகள். இழுத்தடிக்கத் தெரிந்தால் எந்தக் குற்றத்தையும் ‘பாட்டன் காலத்துக் கதை’ ஆக்கிவிடலாம். தாமதப்படுத்தியவனே தாமதத்தைக் காரணம் காட்டுவது நியாயமாகாது.

நான் வெளியே நின்று பேசவில்லை. தந்தையார் காலமான பின் பரணிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்தபோது, நிலப் பத்திரங்களுக்கு நடுவே என் பாட்டனார் பெயருக்கு எழுதப்பட்ட ஒரு கடன் சீட்டு இருந்தது. நூற்று இருபது ரூபாய். வட்டிக்கு ஈடாக, எழுதியவரின் மூத்த மகன் எங்கள் பண்ணையில் ஆளாக இருப்பான். கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. அந்த மகனை எனக்குத் தெரியும். என் சிறுவயதில் எங்கள் மாடுகளை மேய்த்தவர். தந்தை வயதுள்ள அவரை நான் பெயர் சொல்லித்தான் அழைத்தேன். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனைச் செல்லாததாக்கியது. ஆனால் அவருடைய உழைப்பில் விளைந்தது எங்களிடமே நின்றது. நான் தமிழ் முதுகலை படித்தது அந்நிலத்துக் கரும்புப் பணத்தில். அவர் பேரன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறான். இதில் நான் செய்த குற்றம் எதுவுமில்லை. நான் பெற்ற ஆதாயம் மட்டும் இருக்கிறது.

இந்தியாவில் வாரிசு வரி இருந்ததில்லை என்பதுபோல் பேசுகிறார்கள். 1953 முதல் 1985வரை மரணச் சொத்து வரி இருந்தது. உச்ச விகிதம் 85 விழுக்காடு. வி. பி. சிங் நிதியமைச்சராக அதை நீக்கியபோது, ஆண்டு வருவாய் சுமார் 20 கோடி மட்டுமே, வசூலிக்கும் செலவோ அதிகம் என்றார். ஓட்டைப் பானையில் நீர் நிற்கவில்லை என்பதற்காகத் தாகமே இல்லை என்று சொல்லலாமா? ஜப்பான் 55 விழுக்காடு வரையிலும், பிரிட்டன் 40 விழுக்காடும் வசூலிக்கின்றன. இங்கோ 2015 வரவு செலவுத் திட்டத்தில் செல்வ வரியும் போயிற்று.

இரண்டு ஏக்கர்காரரையோ ஒற்றை வீட்டுக்காரரையோ தொடாத உயர்ந்த வரம்பு வேண்டும்; அதற்கு மேல் மிதமான, ஓட்டையில்லாத வரி வேண்டும். விளைநிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அதற்குத் தமிழ்நாடு தில்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அவ்வருவாய் பொதுக் கணக்கில் கரையாமல், நிலமற்ற தலித், பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலமாகவும் மனையாகவும் போய்ச் சேர வேண்டும். பஞ்சமி நிலங்களின் பட்டியல் ஊர் ஊராக வெளியிடப்பட வேண்டும்.

மறுப்பவர்கள் மறுக்கட்டும்; வாதிடக் காத்திருக்கிறேன். ‘பாட்டன் செய்ததற்கு நான் பொறுப்பா’ என்று தொடங்குபவர், தம் பட்டாவில் தம் பெயருக்கு முன்னால் யார் பெயர் இருந்தது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடட்டும்.