நரம்பை வளர்க்கும் புரதம் நமக்குச் சொல்வது

செடி வளர நீரும் உரமும் வேண்டும் என்பதை நாம் அறிவோம். நம் உடலில் நரம்புகள் வளர என்ன வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண ஒரு பெண்மணி தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர் கண்ட விடையில், பத்தாம் வகுப்பை முடிக்கவிருக்கும் எங்களுக்கும் எங்கள் பெற்றோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது என்பது என் கருத்து.

அவர் பெயர் ரீட்டா லெவி-மொண்டால்சினி. 1909-ஆம் ஆண்டு இத்தாலியில் டூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பொறியியலாளர். மகள்மீது அன்புள்ளவர்தாம். ஆயினும், உத்தியோகம் என்று போனால் மனைவி, தாய் என்னும் கடமைகளுக்கு இடையூறு வரும் என்று எண்ணி, பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். இருபதாம் வயதில் ரீட்டா துணிந்து அனுமதி கேட்டார். தந்தையும் இணங்கினார். லத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றை எட்டே மாதங்களில் கற்று, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936-இல் பட்டம் பெற்றார்.

1938-இல் முசோலினியின் அரசு யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. ரீட்டா சோர்ந்து விடவில்லை. தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடம் ஆக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்திகளாக்கினார். கருவுற்ற கோழி முட்டைகளே அவருடைய ஆய்வுப் பொருள்கள். ஊரில் குண்டுகள் விழத் தொடங்கியதும் கிராமத்துக்குச் சென்று, அங்கும் ஆய்வைத் தொடர்ந்தார். கோழிக்கருவில் கால் முளைக்கும் இடத்தை நீக்கிவிட்டால், அங்கே போகவேண்டிய நரம்புச் செல்கள் தோன்றுகின்றன, வளரவும் தொடங்குகின்றன, ஆனால் பின்னர் மடிந்து போகின்றன என்று கண்டார். அப்படியானால், போய்ச் சேரும் இடத்திலிருந்து ஏதோ ஒன்று வந்து அவற்றை வாழவைக்க வேண்டும் அல்லவா? அது யாது?

போருக்குப் பின், விக்டர் ஹாம்பர்கர் என்னும் அறிஞரின் அழைப்பை ஏற்று, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே, எலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் வைத்தால் நரம்பிழைகள் பெருகுவதைக் கவனித்தார். 1952-இல், அக்கட்டியுள்ள இரண்டு எலிகளுடன் விமானமேறி ரியோ டி ஜெனிரோ சென்றார். கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்பு முடிச்சின் அருகே கட்டியின் துண்டை வைத்தபோது, இழைகள் கதிரவனின் கதிர்கள்போல் சுற்றிலும் நீண்டன. அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க ஸ்டான்லி கோஹன் என்னும் உயிர்வேதியியலார் துணைநின்றார். அது பாம்பின் நஞ்சிலும் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் மிகுதியாகக் கிடைத்தது. 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்று பெயர்பெற்ற அப்புரதம் ஒரே மாதிரியான இரு சங்கிலிகள் இணைந்தது. ஒவ்வொரு சங்கிலியிலும் 118 அமினோ அமிலங்கள் உள்ளன. மூன்று கந்தகப் பாலங்கள் ஒவ்வொரு சங்கிலியையும் முடிச்சுப் போட்டதுபோல் இறுக்கிப் பிடிக்கின்றன. நரம்பு சென்றடையும் திசு இதனைச் சிறிதளவே சுரக்கிறது. நரம்பின் நுனியிலுள்ள ஏற்பியில், பூட்டில் சாவிபோல் இது பொருந்துகிறது. உடனே, ‘நீ வாழலாம், வளரலாம்’ என்னும் செய்தி நீண்ட இழை வழியாகச் செல்லின் உட்கருவரை போகிறது. அச்செய்தி கிடைக்காத செல் அழிந்து விடுகிறது. உணர்ச்சி நரம்புகள் பலவும் பரிவு நரம்புகளும் இதை நம்பியே வளர்கின்றன. கண்ணின் கருவிழி நரம்பு கெட்டவர்களுக்கு, இப்புரதத்தால் ஆன சொட்டு மருந்து ஐரோப்பாவில் 2017-இலும் அமெரிக்காவில் 2018-இலும் ஒப்புதல் பெற்றது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். “பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு?” என்று என் தோழியரைக் கேட்டால், “வீட்டில் என்ன சொல்வார்களோ!” என்பதே பலருடைய விடை. அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்குபவளும் அப்படித்தான் சொல்கிறாள். அவளிடம் ஆற்றல் இல்லையா? இருக்கிறது. நரம்புச் செல்லும் வளரத்தான் தொடங்குகிறது. எதிர்ப்புறத்திலிருந்து ‘வா’ என்ற சொல் வராததால் அன்றோ அது மடிகிறது?

“ரீட்டாவின் குடும்பம் வசதியானது, எங்களுக்குக் கட்டணம் கட்டவே சிரமம்” என்று சில பெற்றோர் சொல்லக்கூடும். அது உண்மையான கவலை. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால், அந்தக் கவலை அண்ணனின் படிப்பைப் பேசும்போது எழாமல் தங்கையின் படிப்பைப் பேசும்போது மட்டும் எழுவது நியாயமா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். புற்றுக்கட்டி அளவுக்கு மீறிச் சுரந்தபோது, நரம்பிழைகள் போகக்கூடாத இரத்தக் குழாய்களுக்குள்ளும் புகுந்தன. “டாக்டராகத்தான் வேண்டும்” என்று இரவும் பகலும் திணிக்கும் வீடுகள் எனக்கு அதையே நினைவூட்டுகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. அப்புரதம் சிறிதளவே சுரக்கிறது. ஆனால் வேண்டிய இடத்தில், வேண்டிய காலத்தில் சுரக்கிறது.

பெற்றோர்களே, முடிவு செய்யுமுன் ஒருமுறை உங்கள் மகளின் விருப்பத்தைக் கேளுங்கள். மதிப்பிற்குரிய சகோதரியரே, மருத்துவராகவும் பொறியாளராகவும் செவிலியராகவும் பணிபுரியும் நம் பழைய மாணவியரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்து எங்களோடு பேசச் செய்யுங்கள். நாங்கள் சென்றடைய வேண்டிய இடத்திலிருந்து வரும் அழைப்பாக அது இருக்கும். தோழியரே, ரீட்டாவின் தந்தை தாமாக அனுமதி தரவில்லை. மகள் கேட்டபின்பே தந்தார். ஆகவே நாமும் வாய் திறந்து கேட்போம். கிடைத்தபின் அவரைப்போல் உழைத்துக் காட்டுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி