முதுகுவலி தந்த தொழில்

முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் கைரோபிராக்டர்களில் சிலர், தம் தீராத முதுகுவலியே தம்மை இத்தொழிலுக்கு இழுத்து வந்தது என்பர். நம்புகிறேன். நோவு இன்னதென்று அறிந்தவர்கள். அது சிறிய தகுதியன்று. ஆயினும் தமக்குத் தணிந்தது பிறர்க்கும் தணியும் என்பதற்கு அது சான்றாகுமா? 1895-இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் இம்முறையைத் தொடங்கிய டி. டி. பால்மர், முதுகெலும்பை அழுத்தி ஒருவரது செவிட்டைப் போக்கியதாகவே சொல்லிக்கொண்டார்!

நிற்க. உலகச் சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்புவலிக்கென 2023-இல் வெளியிட்ட நெறிமுறையில் உடற்பயிற்சியோடு இக்கைமுறைக்கும் இடமுண்டு. இடுப்புப் பட்டைக்குத்தான் இல்லை.

விடுதிக் கட்டிலில் கூனிப் படிக்கும் நண்பர்களே, கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ மருத்துவமனைக்கே ஓடுங்கள். மற்றபடி அவரிடம் போகலாம். தம் முதுகைத் தவிர வேறென்ன படித்தார் என்று முதலில் கேளுங்கள்.