சாலையில் நாம் தரும் சாட்சி



கோடை விடுமுறை நெருங்கும்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகளில் வெளிநாட்டுப் பயணப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோரும், வேலை நிமித்தம் ஜெர்மனிக்கோ வளைகுடாவுக்கோ புறப்படும் வாலிபரும் தங்கள் பிரயாணத்துக்காக ஜெபிக்கக் கேட்கிறார்கள். அங்கே வாகனம் ஓட்டுவீர்களா என்று வினவினால், "அதற்கு ஒரு தாள் வாங்க வேண்டுமாம்; ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அந்தத் தாளைக் குறித்து இவ்வாரம் சிந்திப்போம். ஆவிக்குரிய தியானத்தில் இதற்கென்ன இடம் என்று எண்ணாதீர்கள். நம்முடைய உண்மையும் பிறனுடைய உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன.

அதன் பெயர் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே இதற்கு அடிப்படை. அதில் இணைந்த நாடுகள், ஒருவர் மற்றவருடைய ஓட்டுநர்களை ஏற்றுக்கொள்ள இசைந்தன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. இந்த அனுமதி தனித்து நிற்கும் உரிமம் அன்று. உங்கள் கையிலுள்ள இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பிற நாட்டு அதிகாரி விளங்கிக்கொள்ளும்படி பல மொழிகளில் எடுத்துரைக்கும் சான்று அது. ஆகவே மூல உரிமமும் உடன் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஓராண்டுக்கு மேல் அது செல்லாது. மூல உரிமம் அதற்கு முன்பே காலாவதியானால் அனுமதியும் அன்றே முடிந்துவிடும்.

இதைப் பெறுவது கடினமன்று. உங்கள் முகவரிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு, பரிவாகன் இணையதளம் வழியாகப் படிவம் 4-ஏ மூலம் விண்ணப்பிக்கலாம். மத்திய விதிகள் குறிக்கும் கட்டணம் 1,000 ரூபாய். 2021 ஜனவரியில் வெளியான அறிவிக்கை, மருத்துவச் சான்றும் செல்லத்தக்க விசாவும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளை நீக்கியது. வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி காலாவதியானால், இந்தியத் தூதரகத்தின் வழியாகப் புதுப்பிக்கவும் அது வழிசெய்தது. 2022 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் ஒரே வடிவம் வகுக்கப்பட்டு, மூல உரிமத்தோடு இணைக்கும் கியூஆர் குறியீடும் சேர்க்கப்பட்டது. இவ்வளவு எளிதாக்கப்பட்ட பின்னும் இடைத்தரகரைத் தேடி ஓடுவது ஏன்?

இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் மனச்சாட்சிக்கு முன் வைக்க விரும்புகிறேன். இந்த அனுமதிக்காக எவரும் உங்களை மறுபடியும் வண்டி ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. இங்கே ஒருமுறை பெற்ற உரிமத்தை நம்பியே அது அளிக்கப்படுகிறது. அந்த உரிமம் முறையாக 'எட்டு' போட்டுக் காட்டிப் பெற்றதானால், சான்றும் மெய்யான சான்று. ஆனால் பயிற்சியும் இல்லாமல், தேர்வும் இல்லாமல், யாருக்கோ பணம் கொடுத்துப் பெற்றதானால்? "இவர் ஓட்டத் தெரிந்தவர்" என்று நம் தேசம் அயல் தேசத்துக்குச் சொல்லும் சொல் பொய்யாகிறது. பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சி நீதிமன்றக் கூண்டில் மட்டும் சொல்லப்படுவதன்று. உரிமத்தில் இருக்கிற பொய் உங்கள் பெட்டியில் ஏறிக் கடல் கடந்து போய், முகமறியாத ஒரு குழந்தை நடந்துசெல்லும் வீதியில் இறங்குகிறது.

"உரிமம் உண்மையானதே, நான் இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறேன்" என்பீர்களானால், நல்லது. அப்போதும் கவனம் தேவை. அமெரிக்கா, ஜெர்மனி, வளைகுடா நாடுகளில் சாலையின் வலப்பக்கம் செல்ல வேண்டும். இங்கே பழகிய கை, சந்திப்பில் திரும்பும்போது தன்னையறியாமல் இடப்பக்கம் இழுக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மைப்போல் இடப்பக்கம்தான். விதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடும். சீனா இந்த அனுமதியை ஏற்பதில்லை. துபாயில் குடியிருப்பு விசா பெற்றவர், சுற்றுலாப் பயணியைப்போல் இதை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. அந்நாட்டு உரிமம் பெற வேண்டும். கார் ஓட்ட மட்டும் உரிமம் உள்ளவர் சுற்றுலாத் தலத்தில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்தால், அனுமதி அவருக்குத் துணை நிற்காது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். அந்தக் கடனை ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சுமக்க நேரிடும்.

ஆகையால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். ஓட்டத் தெரியாதவர் இந்த அனுமதியை வாங்கவே வேண்டாம். பேருந்திலும் ரயிலிலும் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஓட்டத் தெரிந்தவர் தாமே நேர்வழியில் விண்ணப்பிக்கட்டும். உரிமம் இருந்தும் ஸ்டியரிங்கைத் தொட்டு நெடுநாளானவர், புறப்படும் முன் ஒரு மாதமாவது நல்ல ஆசிரியரிடம் மறுபடி பழகட்டும். பிள்ளைகளுக்கு உரிமம் எடுக்கப்போகும் பெற்றோரே, தேர்வில் அவர்கள் தோற்றால் தோற்கட்டும். மீண்டும் கற்று வெல்லட்டும். குறுக்குவழியில் வாங்கிக் கொடுக்கும் உரிமம் அவர்களுக்குச் சுதந்தரமன்று, கண்ணி.

இன்னொன்றும் உண்டு. அயல்நாட்டில் சிவப்பு விளக்குக்கு ஆள் இல்லாத நள்ளிரவிலும் நிற்கிற நம்மவர், ஊர் திரும்பியதும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் சி.டி.எச். சாலையிலும் எதிர்த்திசையில் வண்டியை விடுகிறார்கள். அங்கே அபராதத்துக்கு அஞ்சினோம் என்றால், அது கீழ்ப்படிதல் அன்று, பயம் மட்டுமே. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்கள் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய வீட்டில் இரவு உணவுக்குக் காத்திருக்கப்பட்டவர்கள். அயலானை நேசிப்பது ஆலயத்துக்குள் மட்டுமன்று, அம்பத்தூர் சிக்னலிலும் நம்மிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். அது எப்போது முடிகிறது, எந்தெந்த வாகனத்துக்குச் செல்லும் என்று வாசியுங்கள். பிறகு, அது உங்களைக் குறித்துச் சொல்லுவது உண்மைதானா என்று உங்களையே கேளுங்கள். உண்மையானால் நன்றியோடு புறப்படுங்கள். இல்லையானால், பயணத்துக்கு முன்னே சரிசெய்ய இன்னும் காலம் இருக்கிறது. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.