எங்கள் கையெழுத்துக்கும் சட்டம் வேண்டும்

திண்டுக்கல் நகரிலும் வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர்களிலும் பணிபுரியும் செவிலியர்களாகிய நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவுப் பிரசவம். நஞ்சு விழுந்த பிறகும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. பணியில் இருப்பவர் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்துவிட்டபடியே ஆக்ஸிடோசின் போட்டு, டிரிப் ஏற்றி, 108-க்குச் சொல்லுவதும் அவரே. கேஸ் ஷீட்டில் 'டாக்டர் போனில் சொன்னபடி' என்று எழுதுகிறோம். டாக்டர் போனை எடுப்பதற்குள் ஊசி போட்டு முடித்த இரவுகளும் உண்டு. தாய் பிழைத்தால் யாரும் கேட்பதில்லை. பிழைக்காவிட்டால் முதல் மெமோ எங்களுக்குத்தான்.

டாக்டர் இல்லாத நேரத்தில் சுகாதாரப் பணியாளரை நம்புவது இந்த வட்டாரத்துக்குப் புதிய பேச்சல்ல. 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், கிராமத்துக்குள்ளேயே சுகாதாரப் பணியாளர் உருவாக வேண்டும் என்று நம்பியவர். 1964 முதல் அங்குள்ள ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனம் அத்தகைய பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. இன்று தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வாசல்வரை போய் பிபி, சுகர் பார்ப்பவர்களில் நாங்களும் இருக்கிறோம்.

சட்டம்தான் பின்தங்கி நிற்கிறது. தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது கூடுதல் பயிற்சி பெற்றுச் சிகிச்சை முடிவுகளை எடுக்கும் செவிலியர், ஆவதற்கான முதுகலைப் படிப்பு வந்தது. 2018-இல் மகப்பேற்றுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சிக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல் தந்தது. 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு 2023-இல் புதிய ஆணையச் சட்டமும் வந்தாயிற்று. ஆனாலும் படித்து வந்தவருக்கு மருத்துவமனை வகுத்த நெறிமுறைக்கு வெளியே சொந்தமாக மருந்துச் சீட்டு எழுத உரிமை இல்லை. இங்கிலாந்தில் தகுதிபெற்ற செவிலியர்கள் 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் அதைச் செய்கிறார்கள்.

கட்டற்ற சுதந்திரத்தை நாங்கள் கேட்கவில்லை, ஒழுங்குமுறையைத்தான் கேட்கிறோம். மேற்படிப்பும் அனுபவமும் உள்ளவருக்குத் தனிப் பதிவேடு, தேர்வு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபதிவு. எழுதக்கூடிய மருந்துகளின் பட்டியலை அரசே வெளியிடட்டும். அதைத் தாண்டி எழுதினால் உரிமம் போகட்டும். எந்த நிலையில் நோயாளியை மேல் சிகிச்சைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்பதும் விதியில் இருக்க வேண்டும். பதிவில் இல்லாதவர் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று பலகை மாட்டினால் போலி டாக்டருக்கு என்ன தண்டனையோ அதுவே அவருக்கும்.

டாக்டர்களின் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, இடைநிலை சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் என்றபோது அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பணக்காரனுக்கு டாக்டர், ஏழைக்கு நர்ஸ் என்ற ஏற்பாட்டை நாங்களும் ஏற்கமாட்டோம். டாக்டர் பணியிடத்தைக் காலியாகப் போட்டுவிட்டு, தொகுப்பூதியத்தில் எங்களை அங்கே நிறுத்தப் பார்த்தால், முதல் போராட்டம் எங்களுடையதாக இருக்கும்.

செவிலியர்களே, இன்றிரவு முதல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், டாக்டர் எப்போது பேசினார், ஊசி எப்போது போட்டீர்கள்? நோயாளியின் பெயரை விட்டுவிட்டு அந்தக் குறிப்பை மட்டும் எங்களிடம் தாருங்கள். சென்னைக்கு நாம் கொண்டுபோகும் மனு அவற்றைக் கொண்டே எழுதப்படும்.